புரோஸ்டேட்டுக்குக் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்த பிறகு மலக்குடல் தொல்லை வருமா? முன்கூட்டியே கணிக்க வழி உண்டா?

மேல்கொத்மலை கேட்டது:

மாமாவுக்கு 68 வயது, தலவாக்கலைப் பக்கம் தோட்டம். புரோஸ்டேட் புற்றுநோய், கிளீசன் (கட்டியின் வீரியத் தரம்) 3+4, பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான இரத்த டெஸ்ட்) 14, வேறெங்கும் பரவவில்லை. கண்டியில் கரண்ட் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்: ஒரு நாளைக்கு 3 கிரே (கதிரின் அளவு) வீதம் 20 நாள், மொத்தம் 60. கூடவே ஆறு மாதம் ஹோர்மோன் ஊசி. சீனி வருத்தம் (நீரிழிவு) 12 வருடமாக உண்டு, கடைசி எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் டெஸ்ட்) 8.4. ஆஸ்பிரின் 75 தினமும் போடுகிறார். பழைய மூலவியாதியும் இருக்கிறது, இடைக்கிடை இரத்தம் படும்.

"சிலருக்கு மலத்தோடு இரத்தம் போகும், சிலருக்கு அடிக்கடி போகவரும்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அந்தச் சிலரில் இவரும் ஒருவரா என்று முதலே தெரிந்துகொள்ள வழி உண்டா? இணையத்தில் கணிப்பான்கள் சில கிடக்கின்றன, நம்பலாமா? மரபணு டெஸ்ட், நடுவில் வைக்கிற ஜெல் என்றெல்லாம் வாசித்தேன். சி.டி. ஸ்கேன் அடுத்த கிழமை. அதற்கு முதல் செய்யக்கூடியது ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.

---

கிரேகணக்கு பதில்:

இவருக்கு வரும், அவருக்கு வராது என்று ஆளைக் காட்டிச் சொல்லும் கணிப்பு எங்கேயும் இல்லை. ஆனால் ஆபத்து கூடினவர், குறைந்தவர் என்று தரம் பிரிக்கலாம். அந்தத் தரத்தை மாற்றவும் கொஞ்சம் வழி உண்டு. அந்த வழியில் பாதி சி.டி. எடுக்கும் நாளிலேயே முடிந்துவிடும், ஆகவே நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மலக்குடல் தொல்லை எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது. கரண்ட் பிடிக்கும் நாட்களிலும் அதன்பின் மூன்று மாதத்துக்குள்ளும் வருவது ஒரு வகை. குடலின் உட்தோல் சில நாட்களுக்கொரு தடவை உதிர்ந்து புதிதாக வளர்வது. கதிர் அந்த வளர்ச்சியைத் தடுத்துவிடும், தோல் மெலிந்து அழற்சி வரும். அடிக்கடி போகவரும், சளி போகும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பது போல முக்கவைக்கும். பெரும்பாலும் ஆறிவிடும். மற்ற வகை ஆறு மாதம் தொடக்கம் மூன்று வருடத்துக்குள் தலைகாட்டுவது. சின்ன இரத்தக்குழாய்கள் அடைபட்டு, அந்த இடத்தில் தொட்டாலே கசிகிற மெல்லிய குழாய்கள் முளைக்கும். இரத்தம் போவது அதனால்தான். சுவர் தழும்பாகி விறைத்துப்போவதும் உண்டு. பை சுருங்கிவிட்டால் கொஞ்சம் மலம் வந்தாலே அடக்க முடியாமல் ஓடவேண்டி வரும். இரத்தம் போகிற ஆளுக்கு அவசரம் இல்லாமல் இருக்கலாம், அவசரப்படுகிற ஆளுக்கு இரத்தமே வராமல் இருக்கலாம். இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாகச் சொல்லும் கணிப்பைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

எந்த எண்ணிலிருந்து தொடங்குவது? மாமாவுக்குச் சொன்ன அதே 60 கிரே, 20 நாள் முறையைப் பரீட்சித்தது பிரிட்டனின் சிப் ஆய்வு. 2002 முதல் 2011 வரை 3,216 பேரைச் சேர்த்தார்கள். சிகிச்சை நடக்கும்போது இரண்டாம் தரம் அல்லது அதற்கு மேலான குடல் தொல்லை, பழைய 37 நாள் முறையில் உச்சத்தில் 25 சதவீதம். 20 நாள் முறையில் 38. கரண்ட் கிழமைக்கு ஐந்து நாள்தான், அந்தக் கணக்கில் உச்சம் வந்ததும் முந்தியே: இவர்களுக்கு 4–5ஆம் கிழமை, மற்றவர்களுக்கு 7–8ஆம் கிழமை. 18ஆம் கிழமையாகும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஐந்து வருடத்துக்குள் வந்த பிந்திய தொல்லை 37 நாள் முறையில் 13.7 சதவீதம், 20 நாள் முறையில் 11.9. இரண்டாம் தரம் என்றால் இடைக்கிடை இரத்தம், அல்லது நாளைக்கு ஐந்து தடவைக்கு மேல் போவது, அல்லது அளவு மீறிய சளி. வாட்டில் போய்ப் படுக்கிற நிலை இல்லை.

ஆகவே நூறு பேரில் 12 பேர் என்பது தொடக்கக் கோடு. மாமா அதற்கு மேலா கீழா என்பதை அதிகம் தீர்மானிப்பது அவருடைய பிளான் தாள், அதாவது அந்த சி.டி. படத்தை வைத்து எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று போடும் கணக்கு. டி.வி.எச். என்ற வளைகோட்டு வரைபடம் ஒன்று அதில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். வி57 என்றால் மலக்குடலில் எத்தனை சதவீதம் 57 கிரேயும் அதற்கு மேலும் வாங்குகிறது என்று அர்த்தம். 20 நாள் முறைக்கு சிப் ஆய்வு வைத்த எல்லைகளில் முக்கியமானவை: வி60 3 சதவீதத்துக்குள், வி57 15க்குள், வி52.8 30க்குள், வி48.6 50க்குள், வி40.8 60க்குள். இணையத்தில் அதிகம் கிடைப்பது 2010இல் வந்த குவான்டெக் (பழைய ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை) எல்லைகள், சதவீதத்தில்: வி50 50, வி60 35, வி65 25, வி70 20, வி75 15. அவை நாளைக்கு 2 கிரே கொடுக்கும் முறைக்கு உரியவை. அதில் "வி60 35 வரை போகலாம்" என்று வாசித்துவிட்டு மாமாவின் தாளில் வி60 5 சதவீதம் இருப்பதைப் பார்த்து நிம்மதிப்பட்டால் பிழை.

இரண்டையும் ஒப்பிட ஒரு சின்னக் கணக்கு. மலக்குடலுக்கு: மொத்தம் × (ஒரு நாள் அளவு + 3) ÷ 5. மாமாவுக்கு 60 × 6 ÷ 5 = 72. அதாவது 20 நாளில் வாங்கும் 60, பழைய முறையில் 36 நாள் வாங்கும் 72க்குச் சமம்.

இரத்தம் போவதற்கு அந்த வளைகோட்டின் வலது நுனிதான் காரணம்: சின்ன இடம், பெரிய அளவு. அவசரமும் அடக்க முடியாமையும் நடுப்பகுதியோடு, பழைய முறையில் 40–50 கிரே வாங்கும் பெரிய இடத்தோடு, கூடத் தொடர்புபட்டவை. வலது நுனி அழகாக இருந்தும் நடுவில் வயிறு தள்ளிய வளைகோடு இருக்கலாம். நுனியை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள்.

உடம்பின் பக்கத்தில் மாமாவுக்கு மூன்று புள்ளி எதிராக இருக்கிறது. சீனி, இரத்தக்குழாய் ஏற்கெனவே பழுதாவதால். மூலவியாதி. ஆஸ்பிரின், இது காயத்தை உண்டாக்காது, இருக்கிற கசிவைக் கூட்டும். புகைத்தல், முந்திய வயிற்று ஒப்பரேஷன், குடல் அழற்சி நோய் இருந்தால் அவையும் சேரும். எட்டில் நிற்கும் எச்.பி.ஏ.1சியை இறக்குவது இதற்காக மட்டும் இல்லையென்றாலும் செய்யவேண்டியதே. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம், நெஞ்சுக்காகக் கொடுத்ததென்றால் நிறுத்துவது கூட ஆபத்து.

கணிப்பான்கள் பற்றி: 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது, 1 என்றால் தவறாத கணிப்பு என்று வைத்தால் இவற்றில் பெரும்பாலானவை 0.6–0.7 பக்கம் நிற்கின்றன. பலவும் பழைய இயந்திரம், நாளைக்கு 2 கிரே என்ற ஆட்களை வைத்துக் கட்டியவை. மரபணுவில் ஏ.டி.எம். என்பதன் ஒரு மாற்றத்துக்கும் கதிர்ப் பாதிப்புக்கும் சிறிய தொடர்பு காட்டியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு முடிவெடுக்க அது போதாது. காசை அதில் போடாதீர்கள்.

ஜெல் வேலை செய்கிறது. புரோஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளி தரும், ஆறு மாதமளவில் கரைந்துவிடும். அதைப் பரீட்சித்த ஆய்வில் மூன்று வருடத்தில் பிந்திய மலக்குடல் தொல்லை 9.2 சதவீதத்திலிருந்து 2.0 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த 9.2இல் லேசான முதலாம் தரமும் சேர்த்தி. விலை கூடிய சாமான். கட்டி பின்பக்கமாக வெளியே வந்திருந்தால் வைக்கவும் மாட்டார்கள். கிடைக்காவிட்டால் சிகிச்சை குறைந்துவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை.

---

வெந்நீர்ப்போத்தல் பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஸ்கேன் நாளைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதுதான் உங்கள் கையில் இருக்கிற பகுதி.

அன்று மலக்குடல் காலியாக இருக்கவேண்டும், சலப்பை (சிறுநீர்ப்பை) நிறைந்திருக்கவேண்டும். மலமோ காற்றோ நிறைந்த குடலோடு பிளான் போட்டால், அது புரோஸ்டேட்டை முன்னுக்குத் தள்ளிவைத்த படம். பிறகு குடல் காலியான நாளில் புரோஸ்டேட் பின்னுக்கு வந்துவிடும். நாளாந்தம் படம் பிடித்துச் சரிபார்க்காத இயந்திரமென்றால் கதிர் குறி தப்பும். பல இடங்களில் புரோஸ்டேட் மட்டத்தில் மலக்குடலின் குறுக்களவு 4 செ.மீ.க்கு மேல் இருந்தால் எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப எடுப்பார்கள். அப்படி அனுப்பினால் கோபிக்கவேண்டாம், அது மாமாவுக்கு நல்லது.

மலச்சிக்கல் உள்ளவரென்றால் இன்றைக்கே கிளினிக்கில் சொல்லி லக்டுலோஸ் மாதிரி ஒன்றைத் தொடங்குங்கள். ஸ்கேனுக்கு முதல்நாள் இரவு பேதி மருந்து குடித்துவிட்டுப் போனால் குடல் முழுக்கத் தண்ணீரும் காற்றுமாக இருக்கும், அது இன்னும் மோசம். கடைசி மூன்று நாளைக்குக் கடலை, பருப்பு, கோவா, முள்ளங்கி, பலாக்காயைக் குறைத்தால் காற்று குறையலாம். நிச்சயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நட்டம் இல்லை. நார்ச்சத்தை முழுதாக வெட்டவேண்டாம், கரட், பூசணி, வாழைப்பழம் இருக்கட்டும்.

சலப்பை: ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு முழுதாகச் சிறுநீர் கழிக்கவேண்டும், அதன்பின் 350–500 மி.லி. தண்ணீர், பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருப்பு. எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று அவர்கள் சொல்வதையே 20 நாளும் ஒரேமாதிரிச் செய்யவேண்டும். தலவாக்கலையில் பஸ் ஏறும்போதே குடித்துவிட்டு வளைவெல்லாம் அடக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். போய் இறங்கியதும் அடக்க முடியாமல் போய்விடுவார்கள், முறை தவறிவிடும். பிளேன்டீ கணக்கில் வராது, தண்ணீர்தான்.

மூன்றாம் கிழமை தொடக்கம் தினமும் போய்வருவது கஷ்டமாகலாம். தங்க இடம் கேட்டுப் பாருங்கள், கண்டியில் உறவுக்காரர் இருந்தால் அந்த இரண்டு கிழமைக்காவது ஏற்பாடு செய்யுங்கள். ரயில் ஓடுகிற நாளில் ரயிலே நல்லது, பெட்டியில் கழிப்பறை இருக்கிறது. உச்சம் 20 நாளும் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகும் வரலாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். "கரண்ட் முடிஞ்சு போச்சு, இப்பதான் கூடுது" என்று பயப்படுகிற கிழமை அது. கழிப்பறை லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வெளியே, படியிறங்கிப் போகிற இடத்தில் என்றால் இரவுக்கு வெளிச்சமும், வாளியில் தண்ணீரும் முதலே வைத்துவிடுங்கள்.

வயிற்றோட்டமானால் லோபரமைட் 2 மி.கி. ஒவ்வொரு தண்ணீர்ப் போக்குக்குப் பிறகும் ஒன்று, ஒரு நாளில் 16 மி.கி.யைத் தாண்டக்கூடாது, அதுவும் கேட்டபிறகு. காய்ச்சல் இருந்தால் தொடவே வேண்டாம். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் உப்புக் கரைசல்) கரைத்துக் கொடுக்கலாம், சீனி அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மாமா சீனிக்கு மெட்ஃபோர்மின் போடுகிறாரா? அதுவே வயிற்றோட்டம் தரும். கதிரால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்க, மாத்திரையை மாற்றினதும் நின்றுபோகிற கதை உண்டு.

---

மேல்கொத்மலை:

இருவருக்கும் நன்றி. மெட்ஃபோர்மின் போடுகிறார், 500 மூன்று நேரம். ஸ்கேன் எடுத்தாயிற்று, பிளானும் வந்துவிட்டது. தாளைக் காட்டினார்கள், குறித்துக்கொண்டேன்: மலக்குடல் 112 மி.லி., வி60 1.4, வி57 12.6, வி52.8 22, வி40.8 44. எல்லாம் எல்லைக்குள் என்றார்கள். நிணநீர்க் கட்டிகளுக்குக் கதிர் இல்லை. சந்தோஷப்படலாமா?

---

கிரேகணக்கு பதில்:

சந்தோஷப்படலாம், ஆனால் 112 என்ற எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். காலியான மலக்குடல் பெரும்பாலும் அதைவிடச் சிறிதாகத்தான் இருக்கும்.

சதவீதம் என்பது பங்கு. கீழே உள்ள எண் பெருத்தால் பங்கு சிறுக்கும். 112இல் 12.6 சதவீதம் என்றால் 14 மி.லி. மலக்குடல் 70 மி.லி.யாக இருந்து, அதே 14 மி.லி. அந்த அளவை வாங்கினால் அது 20 சதவீதம், எல்லை தாண்டிவிட்டது. கதிர் வாங்கும் சுவர் ஒன்றேதான், தாளில் மட்டும் அழகு வித்தியாசம்.

112 ஆனதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, உள்ளே காற்றோ மலமோ இருந்தது. படத்தில் கருப்பாகத் தெரிவது காற்று. மற்றது, கோடு நீளமாகப் போட்டது. மலக்குடலை ஆசனவாயிலிருந்து மேலே அது முன்னுக்கு வளைந்து சிக்மோயிட் குடலாகிற இடம் வரைதான் வரையவேண்டும். அதற்கு மேலும் இரண்டு மூன்று செ.மீ. வரைந்துவிட்டால், கதிரே படாத குடல் கணக்கில் சேர்ந்து எல்லாச் சதவீதத்தையும் இறக்கிவிடும். ஆகவே கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "மலக்குடல் 112 இருக்கிறதே, காற்றா, நீளமா?" மரியாதையாகக் கேட்டால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள். காற்று என்றால் திரும்ப ஸ்கேன் எடுப்பதா என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். இரண்டும் இல்லை, அவருடைய குடலே அந்த அளவு என்றால் விட்டுவிடுங்கள், நல்ல பிளான்.

நிணநீர்க் கட்டிகளுக்குக் கதிர் இல்லாதது பெரிய நிம்மதி. அங்கே கொடுத்தால் சிறுகுடலும் கதிருக்குள் வரும். பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் வருகிற தண்ணீர்ப் போக்கு அதனால்தான், அதற்கு மருந்தே வேறு.

இனிக் கணிப்பு சிகிச்சை நாட்களில்தான் கூர்மையாகும். முதல் மூன்று மாதத்தில் எவ்வளவு கடுமையாக வந்தது என்பது பிந்திய தொல்லைக்கு நல்ல முன்னறிகுறி, எந்தக் கணிப்பானுக்கும் குறையாதது. ஒரு கொப்பியில் தினமும் மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை தடவை, அடக்க முடிந்ததா, இரத்தமா சளியா. முதல் நாளுக்கு முதலே ஒரு கிழமை எழுதவேண்டும். ஏற்கெனவே மூலத்தால் இரத்தம் படுகிறவருக்குத் தொடக்கக் கணக்கு இல்லாவிட்டால் பிறகு எதைக் கதிரின் தலையில் போடுவது?

---

குடல்கமரா பதில்:

மூலவியாதி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதற்குக் காலம் கடந்துவிட்டால் திரும்பி வராது. ரப்பர் வளையம் போடுகிற அளவுக்கு மூலம் இருந்தால் கரண்ட் தொடங்க முதல் போட்டு ஆறவிடவேண்டும். கதிர் பட்ட சுவரில் பிறகு வளையமோ வெட்டோ போட்டால் ஆறாத புண்ணாகலாம். ஹோர்மோன் ஊசி ஓடிக்கொண்டிருப்பதால் பல சமயம் சில கிழமை இடம் கிடைக்கும், புற்றுநோய் டொக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். 68 வயதில் இரத்தம் படுகிற ஆளுக்குக் குடல் கமரா ஒருமுறை முதலே பார்த்துவிடுவதும் நல்லது. "மூலம்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்க உள்ளே வேறொன்று வளர்ந்த ஆட்கள் உண்டு.

பிந்தி, ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் இரத்தம் வந்தால்: முதலில் அது இரத்தமா என்று பாருங்கள். நுவரெலியா பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் செக்கச்செவேலென்று போகும், தண்ணீரில் ரோஸ் நிறம் பரவும். இரத்தம் என்றால் மலத்தின் மேலே கோடாகவோ, துடைக்கும்போது பளிச்சென்றோ, துளியாகவோ தெரியும். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் கறுப்பாகப் போகும், அதுவும் இரத்தம் இல்லை. மாத்திரை இல்லாமல் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அது மேல்வயிற்றிலிருந்து வருவது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

இடைக்கிடை துளி என்றால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை, மலம் இறுகாமல் வைத்தால் போதும், பலருக்குத் தானாகக் குறையும். ஹீமோகுளோபின் இறங்கினால்தான் அடுத்த படி. சுக்ரல்ஃபேட் 2 கிராமைக் கொஞ்சத் தண்ணீரில் கலந்து பின்வழியாக ஏற்றுவது எளிய வழி, நாளைக்கு இருமுறை, சில கிழமை. அதற்கும் நிற்காவிட்டால் ஆர்கன் வாயுவால் சுடுவது. சுடுவதற்கு முதல் குடலை முழுதாகக் கழுவவேண்டும், எனிமாவோடு மட்டும் செய்தால் உள்ளே மிஞ்சிய வாயு வெடிக்கக்கூடும்.

கமரா போடுகிற எந்த இடத்திலும் வாயைத் திறந்து சொல்லவேண்டியது: "புரோஸ்டேட்டுக்குக் கரண்ட் பிடித்தவர், முன்சுவரில் சதை எடுக்கவேண்டாம்." கதிர் பட்ட முன்சுவரில் கிள்ளி எடுத்த இடம் ஆறாமல் சிறுநீர்ப் பாதைக்கு ஓட்டை விழுந்தால் அது பெரிய ஒப்பரேஷனில் போய் முடியும். மூன்று வருடம் கழித்து வேறு ஊரில், வேறு டொக்டரிடம் போகும்போது இது யாருக்கும் தெரிந்திருக்காது. மாமாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதிவையுங்கள், கதிர் முடிந்த திகதியோடும் 60/20 என்ற கணக்கோடும்.

---

மேல்கொத்மலை:

கேட்டேன். காற்றுத்தான். நாளை மறுநாள் திரும்ப ஸ்கேன், இந்த முறை லக்டுலோஸோடு. மூலத்தைச் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டக் கடிதமும் தந்தார்கள்.